களத்துக்குப் போவதா, ப்ரீடாக்குக்குக் காத்திருப்பதா, நேரே பிஎச்டி சேர்வதா?

"அக்கா, ஃபீல்டு ஆர்.ஏ. வேலைக்கு ஆஃபர் வந்திருக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். சேரட்டுமா, இல்ல வெளிநாட்டு ப்ரீடாக்குக்கு இன்னும் ஒரு வருஷம் முயற்சி பண்ணட்டுமா, இல்ல ஜேஆர்எஃப் எடுத்து இங்கேயே பிஎச்டி சேர்ந்துடட்டுமா?" எம்.ஏ. பொருளாதாரம் முடிக்கும் பருவம் வந்தால் இந்தக் கேள்வி வார்த்தை மாறாமல் வருகிறது. (ஆர்.ஏ. என்றால் ஆராய்ச்சி உதவியாளர், ப்ரீடாக் என்றால் பிஎச்டிக்கு முன் ஒரு பேராசிரியரிடம் செய்யும் முழுநேர உதவியாளர் வேலை, ஜேஆர்எஃப் என்றால் பிஎச்டி செய்பவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை.) தனித்தனியாகப் பதில் எழுதும்போது ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போகிறது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். நான் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் இரண்டு வருடம் ஃபீல்டு ஆர்.ஏ.வாக இருந்தேன், அப்புறம் சென்னையில் உட்கார்ந்தபடியே ஒரு வெளிநாட்டுப் பேராசிரியருக்கு ஒரு வருடம் டேட்டா வேலை செய்தேன், இப்போது பிஎச்டியில் இருக்கிறேன். மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்தவள் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபீல்டு ஆர்.ஏ. வேலை என்பது என்ன

அங்கன்வாடியில் கூடுதலாக ஒரு பணியாளரை வைத்தால் குழந்தைகள் கூடுதலாகக் கற்கிறார்களா? இப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, மையங்களையோ ஊர்களையோ குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் அந்த மாற்றத்தைக் கொடுத்து, முன்னும் பின்னும் அளந்து பார்ப்பார்கள். இந்த அங்கன்வாடிக் கேள்வி தமிழ்நாட்டில் நிஜமாகவே கேட்கப்பட்டதுதான். அரைநாள் வேலைக்கு ஒருவரைச் சேர்த்ததும் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நேரம் இரண்டு மடங்கானது. கேள்வி கேட்கும் பேராசிரியர் எங்கோ பாஸ்டனில் இருப்பார். சர்வே எடுப்பவர்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, கேள்வித்தாளைத் தமிழாக்கி டேப்லெட்டில் ஏற்றுவது, அவர்களோடு ஊருக்குப் போவது, ராத்திரி வந்த டேட்டாவைச் சரிபார்ப்பது, இதெல்லாம் ஃபீல்டு ஆர்.ஏ. தலையில்.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் 2003-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஜே-பால், வறுமை பற்றி இப்படிக் குலுக்கல் முறை ஆய்வுகள் நடத்தும் மையம். அதன் தெற்காசியக் கிளை சென்னையில் ஐஎஃப்எம்ஆர் என்ற நிறுவனத்தில் இருந்து வளர்ந்தது. 2019-ல் பானர்ஜி, டஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் நோபல் கிடைத்த பிறகு இந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் கூட்டமும் பெருகியது. ஆனால் ஊருக்குப் போய்க் கேட்டு எழுதுவது நம் ஊருக்குப் புதிது இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-லேயே மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் என்று அந்த ஊர்களுக்கு அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். அம்மா என்னிடம் "எம்.ஏ. படிச்சிட்டு வீடு வீடா கணக்கெடுக்கப் போறியா?" என்று கேட்டபோது நான் சொன்ன பதில் இந்தக் கதைதான். அவருக்கு அது போதவில்லை என்பது வேறு விஷயம்.

எதை வைத்து எடை போடுவது

ஆஃபர் கடிதத்தில் இருக்கும் பெயரையும் சம்பளத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, இரண்டு வருடம் கழித்து உங்களுக்கு என்ன தெரிந்திருக்கும். இரண்டு, வாடகை, பஸ், சாப்பாடு போக கையில் என்ன நிற்கும். மூன்று, பரிந்துரைக் கடிதம் யார் எழுதுவார், அவருக்கு உங்களை நிஜமாகத் தெரியுமா. நான்கு, உடம்பும் வீடும் எவ்வளவு தாங்கும். ஐந்து, திட்டம் பாதியில் நின்றால் உங்கள் கதி என்ன.

மூன்றாவதைத்தான் பெரும்பாலானவர்கள் கடைசியில் யோசிக்கிறார்கள். பிஎச்டிதான் குறி என்றால் அதை முதலில் வையுங்கள்.

வழி ஒன்று: ஃபீல்டு ஆர்.ஏ.

இங்கே கற்கும் விஷயம் வேறெங்கும் கிடைக்காது என்று உறுதியாகச் சொல்வேன். திருக்கோவிலூர் பக்கம் ஒரு ஊரில் எங்கள் முன்னோட்ட சர்வே. முதல் கேள்வியே "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?" முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மா தலை நிமிராமல் "ஆறு" என்றார். பெயர் கேட்டபோது பண்ருட்டியில் கட்டிக்கொடுத்த மகள் அந்த ஆறில் இருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து மாதாமாதம் பணம் அனுப்பும் மகன் இல்லை. அதே திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியாரும் இல்லை. "அவங்க தனியா பொங்கித் திங்கிறாங்க கண்ணு." ஆங்கிலக் கேள்வித்தாளில் ஒரே ஒரு சொல், இங்கே அதற்குள் மூன்று சிக்கல். அன்று சாயங்காலமே கேள்வியை "ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள் யார் யார், பெயர் பெயராகச் சொல்லுங்கள்" என்று மாற்றினோம், ஆறு மாதத்துக்கு மேல் வெளியூரில் இருப்பவர்களுக்குத் தனிக் கேள்வி வைத்தோம். தலைக்கு இவ்வளவு வருமானம் என்று கட்டுரையில் ஒரு எண் வரும்போதெல்லாம், அதை எத்தனை பேரால் வகுத்தார்கள் என்று என் மனம் அந்தத் திண்ணைக்குப் போய்விடும்.

நிலம் இன்னொன்று. படிவத்தில் ஏக்கர் என்று இருக்கும். விழுப்புரம் பக்கம் காணி என்பார்கள், டெல்டாவில் மா, வேலி என்பார்கள். மா ஒன்று சுமார் 33 சென்ட், இருபது மா ஒரு வேலி, காணி ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. குழி என்றால் ஊருக்கு ஊர் வேறு அளவு. சர்வே எடுப்பவர் அந்த இடத்திலேயே மனக்கணக்குப் போட்டு ஏக்கராக்கினால் பிழை அங்கேயே புகுந்துவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. சொன்ன அளவையும் சொன்ன எண்ணையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டு, மாற்றுவதை நாம் பின்னால் செய்ய வேண்டும்.

மனிதர்களை வைத்து வேலை வாங்குவதையும் இங்கேதான் கற்றேன். ஒருமுறை டேட்டாவில் ஒரு சர்வேயருக்கு மட்டும் சர்வே சராசரியாக இருபது நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்தது, மற்றவர்களுக்கு ஐம்பது நிமிடம். பார்த்தால் "கடன் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு அவருடைய வீடுகள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் "இல்லை". இல்லை என்று தட்டினால் கடன் பற்றிய கேள்விகள் அத்தனையும் திறக்காமலே போய்விடும், அனுபவமுள்ள எந்தச் சர்வேயருக்கும் இது ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். இதற்காகத்தான் பத்தில் ஒரு வீட்டுக்காவது வேறு ஆளை அனுப்பி சில கேள்விகளைத் திரும்பக் கேட்பது வழக்கம். திரும்பக் கேட்டோம், கடன் இருந்தது. என்னைவிடப் பத்து வயது பெரிய அந்த அக்காவைத் தனியாக வேப்ப மரத்தடியில் உட்கார வைத்துக் கேட்டபோது, மறுக்காமல் ஒன்று மட்டும் சொன்னார்: "ஒரு நாளைக்கு எட்டு வீடுன்னு சொன்னீங்களேம்மா." எட்டு வீடு என்று இலக்கு வைத்தது நான்தான். பயண நேரத்தைச் சேர்த்தால் நேர்மையாக ஐந்துக்கு மேல் முடியாது. அவருடைய வீடுகளை மறுபடி எடுத்தோம், இலக்கை ஐந்தாக்கினோம், அவர் கடைசி நாள் வரை எங்கள் குழுவில் இருந்தார்.

அறிவியலில் இந்த வேலையின் எடை என்ன என்று கேட்டால், 2013-ல் வெளியான கரும்பு விவசாயிகள் ஆய்வைச் சொல்வேன். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியில் 464 விவசாயிகளை அறுவடைக்கு முன் ஒருமுறை, பணம் கையில் வந்த பின் ஒருமுறை சோதித்தார்கள். பணமுடை இருக்கும்போது அதே ஆள் அதே மாதிரிப் புதிர்களில் தடுமாறுகிறார் என்பது முடிவு. அதே ஆளைச் சில மாதம் கழித்துத் தேடிப் பிடித்து மறுபடி உட்கார வைக்காமல் இந்த முடிவே இல்லை. கொரோனாவுக்குப் பிறகு தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளை வீட்டுக்கே போய்ச் சோதித்த ஆய்வும் அப்படித்தான். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டார்கள், அந்த மீட்சியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று நம்மால் சொல்ல முடிவது, யாரோ வீடு தேடிப் போனதால்தான்.

சரி, மறைந்திருக்கும் செலவுக்கு வருகிறேன். ஆஃபர் கடிதத்தில் இது எதுவும் இருக்காது.

முதலாவது முன்பணம். வண்டி வாடகை, சர்வேயர்களின் பஸ் காசு, ஜெராக்ஸ், பயிற்சி நாளின் சாப்பாடு என்று உங்கள் கையிலிருந்து போகும், பில் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். நான் இருந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு கட்டத்தில் என் பணம் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வெளியே நின்றது, இரண்டு மாதம் கழித்து வந்தது. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, தமிழ் தெரிந்திருப்பதன் விலை. தமிழ்நாட்டுத் திட்டத்திலேயே உங்களோடு இருக்கும் ஆர்.ஏ.க்களுக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அப்போது மொழிபெயர்ப்பு, சர்வேயர் பஞ்சாயத்து, கலெக்டர் ஆபீஸ் அனுமதிக் கடிதம், பிடிஓ ஆபீஸில் காத்திருப்பு எல்லாம் உங்களுக்கு, ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் உட்கார்ந்து பகுப்பாய்வு செய்வது அவர்களுக்கு என்று தானாகவே பிரிந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, வசதிக்காக அப்படி ஆகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் உங்கள் பயோடேட்டாவில் கோட் (கணினி நிரல்) எழுதிய அனுபவம் இருக்காது. முதல் மாதத்திலேயே வாய்விட்டுக் கேளுங்கள்: தினசரி டேட்டா சோதனைக்கான கோட் நான் எழுதுகிறேன் என்று. நான் ஆறு மாதம் தாமதமாகத்தான் கேட்டேன். இதற்கு நேரெதிர் நிலை பீகாருக்கோ ராஜஸ்தானுக்கோ போவது. அங்கே மொழி தெரியாமல் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் களத்தைப் பார்ப்பீர்கள், மேலே சொன்ன முருங்கைக்கீரை மாதிரியான இடங்கள் கண்ணில் படவே படாது. இந்தி ஓரளவாவது பேச வராதவர்கள் வட மாநிலத்துக் களப்பணியை ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள்.

மூன்றாவது உடம்பு. பெண்களுக்கு இதை வெளிப்படையாக யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். காலை ஆறரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரை கழிப்பறை நிச்சயம் இல்லை. அதனால் தண்ணீரைக் குறைப்போம், வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரும். எனக்கு முதல் கோடையில் இரண்டு முறை வந்தது. பிறகு ஊருக்குள் நுழைந்ததும் அங்கன்வாடி எங்கே, பெட்ரோல் பங்க் எங்கே என்று முதலில் பார்த்து வைப்பதைப் பயிற்சியிலேயே ஒரு பாடமாகச் சேர்த்தேன், பெண் சர்வேயர்கள் அதற்குத்தான் அதிகம் நன்றி சொன்னார்கள். தங்குமிடம், இருட்டிய பிறகு வண்டி, கூட இன்னொரு பெண் இருப்பாரா என்பதையெல்லாம் சேருமுன்பே கேட்டுவிடுங்கள்.

நான்காவது கடிதம். பேராசிரியருக்குக் காலை என்றால் நமக்கு ராத்திரி, வாரம் ஒரு அழைப்பு, அதிலும் நடுவில் ரிசர்ச் மேனேஜர் பேசுவார். நீங்கள் நாற்பது பேரை மேய்த்து ஆயிரக்கணக்கான வீடுகளை முடித்திருப்பீர்கள், பேராசிரியருக்குத் தெரிவது ஒழுங்காக வந்த டேட்டா மட்டும். அந்த நிலையில் "பொறுப்பானவர், கடின உழைப்பாளி" என்றுதான் அவரால் எழுத முடியும். பிஎச்டி சேர்க்கைக்கு அந்தக் கடிதம் போதாது. ஒழுங்கான டேட்டாவுக்குப் பின்னால் நீங்கள் எடுத்த முடிவுகளை வாரா வாரம் ஒரு பக்கம் எழுதி நேராக அவருக்கு அனுப்புங்கள். முருங்கைக்கீரைக் கதையை நான் அப்படித்தான் எழுதி அனுப்பினேன், அது அவருடைய கடிதத்தில் வந்ததாகப் பிறகு அவரே சொன்னார்.

கடைசியாக, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. இந்தத் துறை வெளிநாட்டு நிதியை நம்பி நிற்பது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025 ஜூலையோடு மூடப்பட்டது, இங்கே வெளிநாட்டு நன்கொடை உரிமமான எஃப்சிஆர்ஏவும் எப்போது வேண்டுமானாலும் பிரச்சினையாகலாம். திட்டம் நின்றால் உங்கள் ஒப்பந்தமும் நிற்கும், சர்வேயர்களுக்கு அன்றோடு கூலி போகும், அதைப் போய்ச் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

களம் என்றால் கிராமம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 452 பேரை வைத்துத் தூக்கம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. கையில் தூக்கத்தை அளக்கும் கருவி கட்டிக்கொண்டு தினமும் அலுவலகத்துக்கு வந்து டேட்டா என்ட்ரி செய்தவர்கள், சராசரியாக ராத்திரிக்கு ஐந்தரை மணி நேரம்தான் தூங்கினார்கள். இந்த மாதிரி நகரத்துத் திட்டத்தில் நீங்கள் ராத்திரி வீட்டுக்குப் போகலாம், கழிப்பறை உண்டு, கற்பதும் குறைவில்லை. வீட்டில் அனுமதி கிடைக்காதவர்கள் இப்படிப்பட்டதைத் தேடுங்கள்.

வழி இரண்டு: வெளிநாட்டு ப்ரீடாக்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரிடம் ஒன்று அல்லது இரண்டு வருடம் முழுநேர உதவியாளர். விண்ணப்பங்கள் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும், ஒரு டேட்டா டெஸ்ட் கொடுப்பார்கள், சேர்வது அடுத்த கோடையில். நேற்று ஓட்டிய கோட் பற்றி இன்று அவர் அறையில் உட்கார்ந்து பேசுவீர்கள், செமினாருக்குப் போவீர்கள், சில இடங்களில் கணித வகுப்பில் உட்காரவும் விடுவார்கள். கடிதம் என்ற அளவுகோலில் இதற்கு ஈடு கிடையாது. நன்றாக எழுதத் தெரிந்த, சேர்க்கைக் குழுக்களுக்குப் பெயர் தெரிந்த ஒருவர் உங்களைத் தினமும் பார்க்கிறார்.

ஆனால் கேள்வி எங்கிருந்து வந்தது, "குடும்பம்" என்று யாரை எண்ணினார்கள் என்பதெல்லாம் உங்கள் கையில் வராது. மேசை வேலை செய்த வருடத்தில் எனக்கு ஒரு மாநிலத்து நிலக் கணக்கு டேட்டா வந்தது, எல்லா நிலமும் முழு எண்களாக இருந்தது. சுத்தமான டேட்டா என்று கூட இருந்தவர் சந்தோஷப்பட்டார். யாரோ களத்தில் மனக்கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது, கேட்டுப் பார்த்தோம், அப்படித்தான்.

இதன் மறைந்த செலவு காத்திருப்பு. ஒரு இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பிப்பார்கள், அங்கேயே படித்தவர்களுக்கு விசா தலைவலி குறைவு என்பதால் சில பேராசிரியர்கள் அவர்களையே எடுப்பார்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். அதனால் ஆஃபர் பேசும்போதே எந்த விசா, யார் செலவு என்று எழுத்தில் வாங்குங்கள். போய் இறங்கியதும் வாடகை முன்பணம், குளிர் உடுப்பு, முதல் சம்பளம் வரும் வரை சாப்பாடு என்று கையில் பணம் வேண்டும். வீட்டில் அதைப் புரட்ட முடியுமா என்று பாருங்கள். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பித்துக்கொண்டே இருப்பதுதான் இதில் மோசமான நிலை. இரண்டு விண்ணப்பப் பருவம் கிடைக்கவில்லை என்றால் வழியை மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன்.

இந்தியாவிலேயே இருந்து தொலைவில் செய்யும் மேசை ஆர்.ஏ. வேலையும் உண்டு. சம்பளம் குறைவு, தனிமை அதிகம், ஆனால் விசா வேண்டாம். நேர வித்தியாசத்தால் தூக்கம் கெடும் என்பதைத் தவிர எனக்கு அது நன்றாகவே அமைந்தது.

வழி மூன்று: நேரே பிஎச்டி

இங்கே என்றால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் எடுப்பது. ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று வருடம் இரண்டு முறை தேர்வு. 2023 ஜனவரி முதல் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, அதோடு வீட்டு வாடகைப்படி. ஃபீல்டு ஆர்.ஏ. ஆஃபரை இந்தத் தொகையோடு வைத்துப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு நிச்சயமான பணம் என்பது இதன் பெரிய பலம். சென்னையிலேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது, அடையாறில் 1971-ல் மால்கம் ஆதிசேசையா தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனமான எம்ஐடிஎஸ் இருக்கிறது. வெளியே மும்பை ஐஜிஐடிஆர், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்). கல்லூரி ஆசிரியராவது குறி என்றால் இதைவிட நேரான வழி இல்லை, ஆர்.ஏ. வேலையில் இரண்டு வருடம் போடுவது அங்கே பெரிதாகக் கணக்கில் வராது.

வெளிநாட்டு பிஎச்டி என்றால் ஐந்தாறு வருடம், நல்ல இடங்களில் கட்டணமும் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. எம்.ஏ. முடித்த கையோடு நேரே இடம் கிடைப்பது, ரியல் அனாலிசிஸ் வரை கணிதம் படித்து நல்ல மதிப்பெண்ணும் வைத்திருந்து, கடிதம் எழுத ஆளும் உள்ளவர்களுக்கு. நம் கல்லூரிகளில் எம்.ஏ. பொருளாதாரத்தில் அந்தக் கணிதம் பெரும்பாலும் இருப்பதில்லை, அதற்காக உங்களைக் குறைவாக நினைக்க வேண்டாம், ஆனால் அந்த ஓட்டையை எங்காவது அடைத்துத்தான் ஆக வேண்டும். எம்ஐடி இணையவழி நடத்தும் டேட்டா, பொருளாதாரம், கொள்கை வடிவமைப்பு மைக்ரோமாஸ்டர்ஸ் வகுப்புகளில் கட்டணம் நம் வருமானத்துக்குத் தக்கபடி வரும். களத்தில் இருந்த காலத்தில் நான் அதைத்தான் ராத்திரிகளில் படித்தேன், பாதி நாள் தூங்கிவிடுவேன், ஆனாலும் முடித்தேன்.

இதில் மறைந்த செலவு கேள்வி இல்லாமல் சேர்வது. என்ன ஆராய வேண்டும் என்று தெரியாமல் இருபத்திரண்டு வயதில் சேர்ந்து, வழிகாட்டி கொடுத்த தலைப்பில் என்எஸ்எஸ் (தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு) டேட்டாவை ஓட்டி, மூன்றாம் வருடம் வெறுத்துப்போய் விட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. திறமை குறைவாக அவர்கள் விடவில்லை.

(நாலாவதாக சென்னை, பெங்களூரு கம்பெனிகளில் டேட்டா அனலிஸ்ட் வேலை. கல்விக் கடன் இருந்தால் தயங்காமல் அதை எடுங்கள். இரண்டு வருடத்தில் கடனை அடைத்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். வேலை நேரத்தில் எஸ்க்யூஎல், பைத்தான் பழகியது பின்னால் உதவும், கடிதம் மட்டும் கிடைக்காது.)

ஒரே பார்வையில்

| | ஃபீல்டு ஆர்.ஏ. | வெளிநாட்டு ப்ரீடாக் | இந்தியாவில் பிஎச்டி (ஜேஆர்எஃப்) |
|---|---|---|---|
| கற்பது | டேட்டா பிறக்கும் இடம், ஆட்களை நடத்துவது | கோட், பகுப்பாய்வு, ஆராய்ச்சிப் பேச்சு | உங்கள் சொந்தத் தலைப்பு, வழிகாட்டியைப் பொறுத்து |
| பணம் | சம்பளம் உண்டு, முன்பணம் கையைக் கடிக்கும் | சம்பளம் நல்லது, போய்ச் சேரும் செலவு பெரிது | 37,000, பிறகு 42,000, நிச்சயமானது |
| கடிதம் | நீங்களாக முயன்றால் நன்றாக வரும் | மிக நன்று | வழிகாட்டி ஒருவரை நம்பி |
| உடம்பும் வீடும் | கடினம் | தூரம், தனிமை | சுலபம் |
| நின்றுபோகும் ஆபத்து | நிதி நின்றால் நிற்கும் | விசா | குறைவு |

யாருக்கு எது

தமிழில் சரளமாகப் பேசி, ஊர்ப்பக்கம் வளர்ந்து, வறுமை, பள்ளி, விவசாயம் பற்றிய கேள்விகள் உங்களை உறுத்துகின்றன, ஆனால் எந்தக் கேள்வி என்று தெளிவில்லை என்றால் களத்துக்குப் போங்கள். நான் எந்த ஆய்வுத் தலைப்போடும் போகவில்லை, அந்த எட்டு வீட்டு இலக்கிலிருந்துதான் என் பிஎச்டி தலைப்பு வந்தது: கூலியும் இலக்கும் டேட்டாவின் தரத்தை எப்படி மாற்றுகின்றன என்பது. நிறுவனத்திலேயே தொடர்ந்து ரிசர்ச் மேனேஜர், கொள்கைப் பணி என்று போக விரும்புகிறவர்களுக்கும் இதுதான் வாசல்.

கேள்வி ஏற்கெனவே தெளிவு, கோட் எழுத வரும், அமெரிக்க பிஎச்டிதான் குறி, வீட்டில் ஒரு வருடம் தாங்குவார்கள் என்றால் ப்ரீடாக்குக்கு முயலுங்கள். கையில் ஃபீல்டு ஆஃபர் இருந்தால் அதில் சேர்ந்துகொண்டே விண்ணப்பிக்கலாம், ஒப்பந்தக் காலத்தை மட்டும் மதியுங்கள். நடுச் சர்வேயில் விட்டுப்போனால் அந்தச் சுமை முழுக்கச் சர்வேயர்கள் மேல் விழும்.

வீட்டுப் பொறுப்பு இருக்கிறது, வெளியூர் முடியாது, ஆசிரியர் வேலை பிடிக்கும் என்றால் ஜேஆர்எஃப். இதைத் தோற்றவர்கள் எடுக்கும் வழி மாதிரி சிலர் பேசுவது எனக்குக் கோபம் வரவைக்கும். ஒரு மாவட்டக் கல்லூரியில் நல்ல பொருளாதார ஆசிரியர் ஒருவர் இருந்தால் எத்தனை பிள்ளைகள் மேலே வருவார்கள் என்பதற்கு நானே சாட்சி.

ஃபீல்டு ஆஃபருக்குச் சரி சொல்லும் முன் கேட்க வேண்டியவை

இந்தத் திட்டத்தில் முன்பு இருந்த ஆர்.ஏ.க்கள் இருவருடைய தொடர்பு எண்ணைக் கேளுங்கள், கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில். பேராசிரியரோடு நேரடி அழைப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை, பகுப்பாய்வில் எனக்கு என்ன பங்கு, நிதி எந்த மாதம் வரை உறுதி, செலவுப் பணம் முன்பே கொடுப்பீர்களா பின்னால் கொடுப்பீர்களா, மருத்துவக் காப்பீடு எந்த நாளிலிருந்து, சர்வேயர்களுக்கும் உண்டா? கடைசிக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். சர்வேயர்களை நடத்தும் விதத்தில்தான் உங்களையும் நடத்துவார்கள்.

இதையெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் கேட்டு முடிக்க முடியாது என்றால் ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டு இன்றே மெயில் போடுங்கள். நான் கேட்டேன், கொடுத்தார்கள்.